பழைய பத்மினியின் உயரத்தைக் குறைக்கலாமா?

தாத்தா விட்டுச்சென்ற 1978 மாடல் பிரீமியர் பத்மினி காரைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்த ஆசை, முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும் என்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டாதீர்கள். வெட்டிப் பட்டவன் சொல்கிறேன்.

எங்களுடையது 1984 மாடல். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வந்த இரண்டாவது கார் அது. 2016-இல் வண்டி என் பொறுப்புக்கு வந்தது. உங்களுக்கு வந்த அதே ஆசை எனக்கும் வந்தது. ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) முன் ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்றை கேஸ் வைத்து அறுத்தார்கள். பின்பக்கம் ஸ்பிரிங்காக இருக்கும் வளைந்த எஃகுப் பட்டைகளைக் கழற்றி வளைவைத் தட்டிக் குறைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. வண்டி அழகாக நின்றது, அதை மறுக்க மாட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் அப்படிப் பிடித்ததில்லை.

ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் உயரம் மட்டும் குறைவதில்லை, விறைப்பும் கூடுகிறது. கேஸ் வெப்பத்தில் அந்த இடத்து எஃகின் பதமும் போய்விடுகிறது. பத்மினியின் முன் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லை, உள்ளே தள்ளி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கைகளில் கீழ்க் கையின் மேல் அமர்ந்திருக்கிறது. அதனால் ஸ்பிரிங் ஒரு அங்குலம் குறைந்தால் வண்டி அதைவிட அதிகமாக இறங்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து, சக்கரங்களின் தலை உள்ளே சரிந்து, சில மாதங்களில் டயரின் உள்ஓரம் வழுவழுவென்று ஆகிவிட்டது. சின்னப் பள்ளத்திலும் அந்தக் கை மேலே போய், அதைத் தடுக்க வைத்திருக்கும் ரப்பரில் மோதியது. ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தது. ஷாக் அப்சார்பர் இருந்தும் பயனில்லை, அது வேலை செய்ய இடமே இல்லை.

திருவொற்றியூர் கோயிலில் உறவினர் வீட்டுத் திருமணம். மெட்ரோ வேலைக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்கத் தோண்டிக் கிடந்த காலம். முந்தின நாள் மழை. தண்ணீர் நின்ற பள்ளத்தில் கிடந்த கான்கிரீட் துண்டு, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் ஆயில் சேம்பரில் அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டேன், அதனால் அது பிழைத்தது. பின்னால் வரிசையாக கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து அப்பாவும் வண்டியைத் தள்ளினார். அவருக்கு அப்போது 71 வயது. தாலி கட்டும் நேரத்துக்கு எங்களால் போய்ச்சேர முடியவில்லை.

பட்டறைக்காரர் செய்த தவறுக்கு வண்டியைத் தாழ்த்துவதையே குறை சொல்வதா என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்விதான். அளவெடுத்துச் செய்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், பிறகு வீல் அலைன்மென்ட் என்று முறையாகச் செய்பவர்களை நான் மதிக்கிறேன். அச்சு பட்டைக்கு மேல் அமரும் வண்டிகளில் நடுவே கட்டை வைத்து இறக்குவதும் உலகெங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கைக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள இடைவெளி குறையத்தான் செய்யும். அந்த இடைவெளியை நம்பித்தான் நம் ஊர்ச் சாலையில் வண்டி ஓடுகிறது.

சாலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார், அதன்மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். மழைக்காலத்தில் சாக்கடை நீர் கூடத்துக்கு வருகிறது. எத்தனை மனு எழுதியிருப்பேன்! சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் கேட்டதில்லை. வீடு தாழ்ந்துகொண்டே போன தெருவில் காரையும் தாழ்த்தினேன். வாசல் சரிவில் ஏறும்போதெல்லாம் சைலன்சர் உரசியது.

சட்டத்தையும் பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-இல் வந்த பழங்கால வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு கிடைக்கும். அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் 1978-இல் பதிவான வண்டிக்கு 2028-இல் அந்த வயது வருகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

நான் புதுப்பேட்டையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, உடைத்த ஒரு பத்மினியின் வெட்டாத ஸ்பிரிங் ஜோடியைத் தேடி எடுத்தேன். பட்டைகளுக்கு மறுபடி வளைவு ஏற்றினேன். செலவு, தாழ்த்தியதற்கு ஆனதைப்போல் மூன்று மடங்கு.

நீங்கள் முதலில் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். இத்தனை வருடம் ஓடிய ஸ்பிரிங்குகள் தாமாகவே இறங்கியிருக்கும், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசமும் இருக்கும். என் வண்டியில் இப்போது நான்கும் சரியாக இருக்கின்றன. அப்பா யார் கையையும் பிடிக்காமல் இறங்குகிறார்.