கணினியோடு தமிழில் பழகுவது: கேள்வி பதில்

பெரம்பூர் வாசகர்: அம்மாவுக்கு 70 வயது, தட்டச்சு தெரியாது. பேசியே எழுத முடியுமா?

தாராளமாக. கூகுள் விசைப்பலகையில் 2017 முதல் தமிழ்க் குரல் உள்ளீடு இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டாம், முழு வாக்கியமாகச் சொல்லட்டும். ‘மழை’ என்று மட்டும் சொன்னால் ‘மலை’ என்று விழலாம். ‘வெளியே மழை பெய்யுது’ என்றால் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அப்புறம், ஓடிபியை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

தாம்பரம் வாசகர்: எந்த ஆப் நல்லது?

போனில் ஏற்கெனவே இருக்கும் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தாலே போதும்.

பார்வையற்ற கல்லூரி மாணவர்: திரையைத் தமிழில் படித்துக் காட்ட ஏதாவது?

என்விடிஏ என்ற திரை படிக்கும் மென்பொருள் இலவசம், தம்பி. அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். ஒலி கொஞ்சம் வறட்சியாக இருக்கும், காது பழகிவிடும்.

அண்ணா நகர் வாசகர்: ஆங்கில எழுத்தில் அடித்தாலே தமிழ் வருகிறதே, தமிழ்99 விசைப்பலகை எதற்கு?

‘தங்கம்’ என்று அடித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஏழு தட்டு. தமிழ்99-இல் த, ங, க, ம, புள்ளி: ஐந்தே தட்டு. ங-வுக்குப் பின் க வந்தால் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்றாலும் அப்படித்தான்: ம-வை இரண்டு முறை தட்டினால் முதலாவது மெய்யாகிவிடும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. தமிழ் எழுத்து எப்படிச் சேர்கிறது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் தமிழ் எழுத இதுவே இயல்பு என்கிறேன்.

அதே வாசகர்: பழகிய கைக்கு ஆங்கில விசைதான் இயல்பு, அண்ணே. புதிதாகப் படிப்பது எப்படி இயல்பாகும்?

நியாயமான கேள்வி. ஆனால் ஆங்கில வழியில் ‘வாழை’யா ‘வாளை’யா என்று பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கண் எழுதும் வரியை விட்டு விலகிப் போகிறது. என் மாணவர்கள் பலர் நின்று தடுமாறுவது அந்த இடத்தில்தான். தமிழ்99-இல் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. எழுத்து மனசில் இருந்தால் கைக்கு வந்துவிடும்.

வேளச்சேரி வாசகர்: எந்த ஆப் சார் நல்லது?

தாம்பரம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். ஓடிபி எச்சரிக்கை உங்களுக்கும்தான். மின்சார ரயிலில் சத்தமாக எண் சொல்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

அண்ணா நகர் வாசகர்: சரி, முயன்று பார்க்கிறேன். எங்கே தொடங்க?

இடக்கை விரல்களை நடு வரிசையில் வையுங்கள். அ, இ, உ மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.