வீணைக் குடமும் ஸ்பீக்கர் பெட்டியும்: குறைந்த செலவில் நல்ல ஒலி குறித்த கேள்வி பதில்

கும்பகோணத்தில் பல்லாண்டுகளாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்து வருகிறேன். டெல்டா ஊர்களிலுள்ள இசை ஆர்வலர்கள் ஸ்பீக்கர் பற்றிக் கேட்ட கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து, கேள்விகளைச் சுருக்கியும் பதில்களைச் சற்று விரித்தும் இங்கே தந்திருக்கிறேன்.

மன்னார்குடிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்: மொத்தம் 15,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும், ஐயா. கடையில் வாங்குவதா, நாமே கட்டுவதா?

அந்தத் தொகையில் 10,000 ரூபாயையாவது ஸ்பீக்கருக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்றைய மலிவான ஆம்ப்ளிஃபயர்கூட ஒலியை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. டிபிஏ 3116 என்னும் சிப் பொருத்திய சிறிய பலகை, 21 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 50 வாட் வரை தரவல்லது. வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். ஒலியின் குணத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரும், அதற்கு அடுத்தபடியாக அது வைக்கப்படும் அறையுமே.

கட்டுவதால் மிச்சமாவது பெட்டிக்கான கூலியும் கடைக்காரரின் லாபமும்தான். அடியொலி தரும் ஊஃபருக்கும் மேலொலி தரும் ட்வீட்டருக்கும் உரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். தெரிந்த ஆசாரி ஒருவரும் இரண்டு மாதப் பொறுமையும் உங்களிடம் இருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால், சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று பழைய ஜோடி ஒன்றை வாங்குவதே உத்தமம். முதன்முறை கட்டுவோர், கடையில் கிடைத்த ஊஃபரையும் கிடைத்த ட்வீட்டரையும் சேர்த்துத் தாமே வடிவமைக்க முயலாமல், அளவீடுகளோடு வெளியிடப்பட்ட வடிவம் ஒன்றை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து.

பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர்: 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த பலாமரத்தைப் பலகையாக அறுத்து வைத்திருக்கிறோம். தஞ்சாவூர் வீணையே பலாவில்தானே செய்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியும் அதிலேயே செய்யலாமா?

வீணைக்கு ஏற்ற மரம் என்பதாலேயே அது ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏற்றதன்று. தந்தியின் அதிர்வு மெலிது. அதை வாங்கித் தானும் சேர்ந்து அதிர்ந்து, காதுக்கு எட்டுமாறு பெருக்கித் தருவதற்காகவே குடத்தைக் குடைந்து மெலிதாக்குகிறார்கள். அங்கே மரமே பாடுகிறது, அந்த மரத்தின் குரலுக்காகத்தான் விலையும் கொடுக்கிறோம். ஸ்பீக்கரிலோ பாட வேண்டியது முன்னும் பின்னும் அதிரும் கூம்பான கோன் மட்டுமே. பெட்டியும் கூடச் சேர்ந்து பாடினால், எந்தப் பாடகர் பாடினாலும் அந்த ஒரே மரத்தின் குரல் எல்லாவற்றின்மேலும் பூசப்பட்டுவிடும். "டப்பாச் சத்தம்" என்று நாம் சொல்வது இதைத்தான். எனவே பெட்டி என்பது வாய் திறவாத சாட்சியாக நிற்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரத்தைக் குடித்து உப்பும் பலகை, சித்திரை வெயிலில் சுருங்கும். அதுவும் நாரின் குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே மிகக் குறைவாகவும் சுருங்குவதால், மூலை இணைப்புகள் விட்டுப்போய்க் காற்று கசியத் தொடங்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஒலிக்கு நல்லதுதான். ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் ஏறினால் பிஸ்கட் போல ஊதிவிடும். ஆகையால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டையே டெல்டாவுக்குப் பரிந்துரைக்கிறேன்.

உங்கள் பலாப் பலகை வீணாக வேண்டாம். அதில் ஸ்டாண்டு செய்யுங்கள். கனமும் உண்டு, அந்த மஞ்சள் நிறம் நாளாக நாளாகச் செம்பழுப்பாகும் அழகும் உண்டு.

தஞ்சாவூர் ஆசாரி ஒருவர்: ஆறரை அங்குல ஊஃபருக்குப் பெட்டி கேட்டு வருகிறார்கள். அளவு எப்படிப் போடுவது?

பெட்டியின் கொள்ளளவைக் கண்மதிப்பில் போடக் கூடாது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரித்து எழுதியவையும்தான் இன்றுவரை கணக்குக்கு அடிப்படை. ஊஃபரோடு வரும் தாளில் எஃப்எஸ் (ஊஃபர் தானாக அதிரும் சுருதி), வாஸ் (அதன் இளக்கத்துக்கு ஈடான காற்றின் கொள்ளளவு), க்யூடிஎஸ் (அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். அந்தத் தாள் இல்லாத ஊஃபரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக எஃப்எஸ் 45 ஹெர்ட்ஸ், வாஸ் 20 லிட்டர், க்யூடிஎஸ் 0.4 என்று இருந்தால், முழுதும் மூடிய பெட்டிக்கு ஏறத்தாழ 9.4 லிட்டர் போதும். ஒலி 80 ஹெர்ட்ஸ் வரை சீராக இறங்கும். அதே ஊஃபருக்கு, காற்று போய்வரத் திறந்த குழாய் வைத்த பெட்டி என்றால், 12 லிட்டரில் 50 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டலாம். அதற்கு 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாய், முன்பலகையின் கனத்தையும் சேர்த்து 16 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். குழாயின் மேல் அச்சடித்திருப்பது வெளி அளவாக இருக்கலாம் என்பதால், உள்விட்டத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

வெளி அளவு அகலம் 22, உயரம் 36, ஆழம் 26 சென்டிமீட்டர் என வைத்து 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அறுத்தால், உள்ளே 13.3 லிட்டர் கிடைக்கும். ஊஃபர், குழாய், குறுக்குச் சட்டம் ஆகியவை அடைக்கும் இடம் போக 12 லிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். 8க்கு 4 அடிப் பலகை ஒன்றில் இரண்டு ஜோடிகள் தாராளமாக வரும். ஆகவே இரு நண்பர்கள் சேர்ந்து செய்தால் செலவு பாதியாகும்.

பக்கப் பலகைகள் இரண்டையும் இணைத்து உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். சரிநடுவில் கொடுக்காமல் சற்று விலக்கிக் கொடுத்தால், இரு பாதிகளும் ஒரே சுருதியில் அதிரா. பிறகு விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பாருங்கள். "டொங்" என்று இழுத்தால் இன்னும் வேலை இருக்கிறது. "டொக்" என்று அறுந்து நின்றால் முடிந்தது. கூரைக் கசிவுக்கு ஒட்டும் தார் ஷீட்டை உட்புறத்தில் ஒட்டுவதும் பலன் தரும். பிபிசி நிறுவனம் 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்னும் சிறிய ஸ்பீக்கரின் சுவர் வெறும் 12 மில்லிமீட்டர் பிளைவுட்தான். உள்ளே ஒட்டிய அதிர்வடக்கும் பட்டைகளே அதை அமைதியாக வைத்தன.

திருவையாற்று வீணை ஆசிரியை ஒருவர்: எனக்குக் கச்சேரிப் பதிவுகள் கேட்டால் போதும். மூடிய பெட்டியா, குழாய் வைத்ததா?

மூடிய பெட்டியே போதும், அம்மா. 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 80 வரை இறங்கும் பெட்டியில் இரண்டும் முழுமையாக ஒலிக்கும். 3 கட்டையில் சுருதி கூட்டிய உங்கள் வீணையின் மிகத் தாழ்ந்த தந்தியான அனுமந்தரத் தந்தி ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். அது மட்டும் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். ஆனால் ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகில் வைத்தால் அதிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடும். தவிரவும், தந்தியின் மேல்சுரங்களைக் கேட்டே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் திறன் நம் காதுக்கு உண்டு. மூடிய பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி விழுந்த இடத்தில் நிற்கும், வழியாது. எண்பதுகளின் திரைப்பாடல்களில் ஓடும் பேஸ் கித்தார்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் கதை வேறு. அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அங்கே குழாய் தேவைப்படும்.

வாங்கும் முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தந்திக்கடியில் வைக்கும் நூலான ஜீவாளியின் ரீங்காரம் ஒரே இழையாக ஓடினால் நல்ல ஸ்பீக்கர். எங்காவது மணல் கலந்தது போல் கரகரத்தால், அந்த இடத்தில்தான் ஊஃபரும் ட்வீட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

மயிலாடுதுறைக் கல்லூரி மாணவர் ஒருவர்: 2,000 வாட் பிஎம்பிஓ என்று அட்டைப்பெட்டியில் போட்ட ஸ்பீக்கர் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. பிஎம்பிஓ என்பது கண நேர உச்சத் திறன் என்று சொல்லிக்கொள்ளும் எண், அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட்டையும் சென்சிடிவிட்டியையும் மட்டும் பாருங்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 10 வாட் கொடுத்தால் 96 டெசிபல் வரும். அடுத்த வீட்டுப் பாட்டி குரல் கொடுக்க அதுவே போதும்.

திருவாரூர் வாசகர் ஒருவர்: பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கோனைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ஃபோம் என்றால் நம் ஈரக்காற்றில் ஆண்டுகள் செல்லச்செல்ல இற்றுப்போய், விரல் பட்டாலே பழைய முறுக்குப் போல உதிரும். ரப்பர் வளையம் நெடுநாள் நிற்கும். பிறகு இரண்டு கைகளின் விரல்களையும் கோனின்மேல் சமமாக வைத்து மெல்ல அமுக்குங்கள்; உள்ளே உரசும் ஓசை கேட்டால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் கோணியிருக்கிறது. ஊஃபரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால், 8 ஓம் ஊஃபர் 6 ஓமுக்குச் சற்று முன்பின்னாகவும், 4 ஓம் ஊஃபர் மூன்றரை ஓமுக்கு அருகிலும் காட்ட வேண்டும்.

இரண்டு ஊஃபரும் ஒரே எண் காட்டுகின்றனவா என்பதே முக்கியம். நானே ஒருமுறை இதில் ஏமாந்தேன். ஒன்றை மட்டும் எப்போதோ ரீகோன் செய்து (கோனை மாற்றி) வேறு காயில் போட்டிருந்தார்கள். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள், பாடகரோ எப்போதும் இடப்பக்கச் சுவரோரமாகவே நின்று பாடினார். அளந்து பார்த்தபோது ஒன்று 6.1, மற்றொன்று 3.4. விற்றவரிடம் போனால், "கேக்குதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்.

நாகப்பட்டினம் எலக்ட்ரீஷியன் ஒருவர்: ட்வீட்டருக்கு ஒரு கன்டென்சர் போட்டால் கிராஸ்ஓவர் ஆகிவிடாதா?

ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். நீங்கள் சொல்வதும் அப்படி ஆகும், அரைகுறையாக. 4.7 மைக்ரோஃபாரட் கன்டென்சர் 8 ஓம் ட்வீட்டருக்கு 4,200 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டும். ஆனால் அதற்குக் கீழே ஒலி மிக மெதுவாகவே, ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதமே குறைவதால், வேண்டாத அடியொலியும் ட்வீட்டரைப் போய்ச் சேரும். கன்டென்சருடன் ஒரு காயிலும் சேர்த்து ஸ்தாயிக்கு 12 டெசிபல் ஆக்குவது நல்லது. கடைகளில் கிடைக்கும் மலிவான காயில்கள் பெரும்பாலும் இரும்பு உள்ளீடு கொண்டவை. இரும்பில்லாத காயிலை நாமே சுற்றிக்கொள்ளலாம். அதற்கு டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பம்ப்செட் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடை இல்லாத ஊரே நம் பக்கத்தில் இல்லை. எனாமல் பூசிய செப்புக் கம்பியை எடைக்கு வாங்கி, மரக்கட்டை ஒன்றில் சுற்றி, காயிலின் இண்டக்டன்ஸைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்து, கூடுதலாக இருக்கும் சுற்றுகளைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

நீங்கள் கடற்கரை ஊர்க்காரர் என்பதால் இன்னொன்று: உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். திருகி மாட்டுவதை விட ஈயம் வைத்துப் பற்றவைப்பதே மேல்.

கும்பகோணம் அக்கிரகார வீட்டுக்காரர் ஒருவர்: முற்றம் வைத்த பழைய வீடு. கூடத்தில் ஒலி ஒரு பக்கம் எதிரொலிக்கிறது, பேஸோ நிற்கவேயில்லை.

இரண்டும் உண்மை, இரண்டுக்கும் காரணம் அந்த வீடுதான். ரெட் ஆக்சைடு தரையும் சுண்ணாம்புச் சுவரும் மேல்சுரங்களை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. முற்றமோ வானத்தை நோக்கிய சன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. ஹார்வர்டில் கட்டட ஒலியியலுக்கு அடித்தளமிட்ட வாலஸ் சபைன், திறந்த சன்னலைத்தான் முழு உறிஞ்சலுக்கு அளவுகோலாகக் கொண்டார். மூடிய அறைகளில் சுவர்களுக்கிடையே தேங்கி வீங்கும் அடியொலி (12 அடி அகலமுள்ள அறையில் 47 ஹெர்ட்ஸ் அளவில் வரும்) உங்களுக்கு இல்லை. அதை ஒரு கொடுப்பினை என்றே சொல்வேன். ஸ்பீக்கர்களை முற்றத்துக்கு எதிர்ச் சுவரை ஒட்டினாற்போல் வையுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமைய, ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஊஞ்சலில் அமர்ந்து கேட்பதாகச் சொன்னீர்கள். ஆட்டாமல் அமர்ந்தால் சரி, ஆடினால் பாடகரும் சேர்ந்தே ஆடுவார்.

மன்னார்குடி ஆசிரியரே மீண்டும்: ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் வயர் அவசியமா?

இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 5 மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.12 ஓம்தான். வீட்டு வயரிங்குக்கு வாங்குவதையே பயன்படுத்துங்கள். ஆனால் பிளஸ், மைனஸ் மாறாமல் பாருங்கள்: ஒன்றரை வோல்ட் பேட்டரியை, பிளஸ் பிளஸில் படுமாறு, ஊஃபரில் ஒரு கணம் தொட்டால், இரண்டு கோனும் வெளிப்பக்கமாகவே நகர வேண்டும்.

குத்தாலம் வாசகர் ஒருவர்: குழாய் வைத்த ஸ்பீக்கர், இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் பேஸ் இல்லை. ஊஃபர் போய்விட்டதா?

இந்தக் கேள்வியோடு பெட்டியையே கடைக்குக் கொண்டு வந்திருந்தார். மல்டிமீட்டரில் ஊஃபர் சரியாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாயின் உள்முனையில் குளவி ஒன்று மண்கூடு கட்டி, பாதிக்கு மேல் அடைத்து வைத்திருந்தது. வயலோர வீடுகளில் இது சாதாரணம். கூட்டை உடைக்கும்போது மண் ஊஃபரின் காயிலுக்குள் போகாமலிருக்க, முதலில் ஊஃபரைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். துடைத்தபின் குழாயின் உள்வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி அனுப்பினேன். வலையின் கண் மிக நெருக்கமாக இருந்தால் காற்று இரையும் என்பதால், சற்று அகலக் கண்ணுள்ள பழைய நைலான் வலையே போதும்.