சாஃப் கோப்பை: ஒரு புள்ளியில் உள்ளே, ஆறு புள்ளியில் வெளியே

தெற்காசிய நாடுகள் மோதும் சாஃப் கால்பந்துக் கோப்பை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

குரூப் ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத மாலத்தீவு, 2018-இல் கோப்பையையே வென்றது என்கிறார்களே, நிஜமா? (தூத்துக்குடி வாசகர்)

நிஜம்தான். டாக்காவில் நடந்த அந்தத் தொடரில் ஏழு அணிகள். அதனால் ஒரு குரூப்பில் நான்கு, இன்னொன்றில் மூன்று. மூன்று அணி குரூப்பில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு. இந்தியா இரண்டு அணிகளையும் 2-0 என்று வீழ்த்தியது. இலங்கை - மாலத்தீவு ஆட்டம் 0-0. ஆக, இரண்டாம் இடத்துக்கு நின்ற இருவர் கணக்கும் அச்சு அசலாக ஒன்று: புள்ளி 1, அடித்தது 0, வாங்கியது 2. நேருக்கு நேர் மோதியதைப் பார்த்தாலும் சமம், கோல் வித்தியாசம் பார்த்தாலும் சமம். கடைசியில் நாணயம் சுண்டினார்கள். மாலத்தீவு அரையிறுதிக்குப் போனது, இலங்கை ஊருக்குக் கிளம்பியது. அப்புறம் நேபாளத்தை 3-0, இறுதியில் இந்தியாவை 2-1 என்று மாலத்தீவு வென்றது. இந்தியா அனுப்பியிருந்தது 23 வயதுக்குட்பட்டோர் அணி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிக்கலின் வேர் மூன்று அணி குரூப்தான். கடைசி ஆட்டம் நடக்கும்போது ஒரு அணி எப்போதும் கேலரியில் உட்கார்ந்திருக்கும். சமநிலையில் நிற்கும் இரண்டு அணிகளும் கடைசி ஆட்டத்தில் தங்களுக்குள்ளேயே மோதினால், அங்கேயே பெனால்டி உதைத்து முடித்துவிடலாம். பல தொடர்களில் விதியே அப்படி இருக்கிறது. இங்கே மாலத்தீவின் கடைசி ஆட்டம் இந்தியாவோடு. அதில் மூன்றாவது கோல் விழுந்திருந்தால் இலங்கை உள்ளே. விழவில்லை. ஆனால் நாணயத்தின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. தனது 180 நிமிடத்தில் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் இலங்கைக்கு நாணயமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த குரூப்பில் நடந்தது இதைவிடக் கொடுமை. நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றும் தலா இரண்டு வெற்றி, ஆறு புள்ளி. ஒருவரை ஒருவர் வட்டமாக வீழ்த்திக்கொண்டார்கள்: பாகிஸ்தான் நேபாளத்தை 2-1, வங்கதேசம் பாகிஸ்தானை 1-0, நேபாளம் வங்கதேசத்தை 2-0. பூட்டானோடு ஆடியதையும் சேர்த்தால் கோல் வித்தியாசம் நேபாளத்துக்கு +5, பாகிஸ்தானுக்கு +3, வங்கதேசத்துக்கு +1. போட்டியை நடத்திய வங்கதேசம், ஆறு புள்ளியோடு வெளியே! பூட்டானை மற்ற இருவரும் 4-0, 3-0 என்று வீழ்த்த, வங்கதேசம் 2-0 என்று நிறுத்திக்கொண்டது. சின்ன அணியோடு ஆடும்போது, ஜெயித்தாகிவிட்டது என்று கடைசி பத்து நிமிடம் பந்தைப் பின்னால் தட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

குவைத், லெபனான் எப்போது தெற்காசியாவுக்கு வந்தன? ஆப்கானிஸ்தான் எங்கே போனது? (வேலூர் வாசகி)

2023-இல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த தொடரைச் சொல்கிறீர்கள். அவை இரண்டும் விருந்தினர் அணிகள். சாஃப் உறுப்பினர்கள் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, இலங்கை, பாகிஸ்தான் என ஏழு பேர். அந்த ஆண்டு ஃபிஃபா தடையில் இருந்ததால் இலங்கை ஆட முடியவில்லை. மிஞ்சியது ஆறு. இரண்டு பேரை அழைத்தால் நான்கு நான்காக இரண்டு குரூப் சரியாக அமையும், மேலே சொன்ன மூன்று அணித் தலைவலியும் இருக்காது. ஆப்கானிஸ்தான் 2013-இல் இந்தியாவை 2-0 என்று வென்று கோப்பை எடுத்த அணி. பிறகு மத்திய ஆசியச் சங்கமான காஃபாவுக்குப் போய்விட்டது.

ஃபிஃபா தடை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பாகிஸ்தானுக்கு 2021-இல் விழுந்தது, இந்தியாவுக்கே 2022 ஆகஸ்டில் சில நாள் விழுந்தது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சங்க நிர்வாகத்தில் வெளியார் கை.

2023 கோப்பையை வென்றும் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா பெரிதாக ஏறவில்லையே, ஏன்? (ஈரோடு வாசகர்)

ஃபிஃபா கணக்கில் இந்த மாதிரி வட்டாரக் கோப்பைகளுக்கு நட்பு ஆட்டத்தின் எடைதான். தேசிய அணி ஆட்டங்களுக்கென ஃபிஃபா ஒதுக்கும் அதிகாரபூர்வ சர்வதேச நாட்களுக்குள் ஆடினால் 10, வெளியே ஆடினால் 5. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு 25. அந்த 2023 ஜூனில் சர்வதேச நாட்கள் 12 முதல் 20 வரை. சாஃப் தொடங்கியது 21-ஆம் தேதி. ஒரு நாளில் எடை பாதியானது.

கணக்கு இது: கிடைத்த முடிவிலிருந்து எதிர்பார்த்த முடிவைக் கழித்து, எடையால் பெருக்க வேண்டும். வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. எதிரணியைவிட நீங்கள் 150 புள்ளி மேலே இருந்தால் எதிர்பார்ப்பு சுமார் 0.64. எடை 5 என்றால், வென்றால் கிடைப்பது 1.8. டிரா ஆனால் 0.7 போய்விடும், தோற்றால் 3.2 போகும். பெனால்டியில் வென்றால் முழு 1 கிடையாது, 0.75தான்; அப்படி வென்றால் ஏறுவது வெறும் 0.55. இந்தியா அரையிறுதியையும் இறுதியையும் வென்றது பெனால்டியில்தானே! ஜூலைப் பட்டியலில் 99-ஆம் இடம் வந்ததே நல்ல சேதி.

சர்வதேச நாட்களுக்கு வெளியே ஆடுவதில் இன்னொரு தொல்லை: வீரரை விடுவிக்கும் கட்டாயம் கிளப்புக்கு இல்லை. ரேங்க் ஏறத்தான் இந்தக் கோப்பை என்று நினைத்து ஆடினால் ஏமாற்றம்தான். தொடர்ந்து ஆட்டம் கிடைப்பதுதான் இதன் பயன்.

அந்த 2023 இறுதியில் ஐந்து ஐந்து பெனால்டி உதைக்குப் பிறகும் சமம். அதன்பின் விதி என்ன? (நாகர்கோவில் வாசகர்)

இந்தியா - குவைத் ஆட்டம் 1-1. ஐந்து உதை முடிந்தபோது 4-4. குவைத்தின் முதல் உதை கம்பத்தில் பட்டது, இந்தியாவின் நான்காவதை உதாந்தா சிங் தவறவிட்டார். அதன்பின் ஒன்றுக்கு ஒன்று. இந்தியாவின் மகேஷ் சிங் அடித்தார், குவைத்தின் ஹாஜியா உதைத்ததை இந்திய கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார், 5-4.

உதைக்க முடிவது, கூடுதல் நேரம் முடியும்போது மைதானத்தில் இருந்த ஆட்களால் மட்டும். கோல்கீப்பர் உட்பட எல்லாரும் ஒரு சுற்று உதைக்காமல் யாரும் இரண்டாம் முறை வர முடியாது. ஒரு அணியில் சிவப்பு அட்டையால் பத்துப் பேர் என்றால், எதிரணியும் ஒருவரைக் குறைத்துக்கொள்ளும். உதை விழும் கணத்தில் கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னால் வந்து தடுத்தால் மறு உதை. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள். உதைப்பவர் ஓடிவரும்போது தயங்கி ஏமாற்றலாம். ஓடி முடித்த பிறகு நின்று பாவ்லா காட்டினால் அவருக்கு மஞ்சள், உதையும் தவறியதாகவே கணக்கு. ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் பெனால்டி நேரத்துக்குத் தொடராது.

இலங்கை ஒரு முறையாவது வென்றதா? (திருச்சி வாசகி)

ஒரே முறை. 1995, கொழும்பு, இந்தியாவுக்கு எதிராக 1-0. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் 'கோல்டன் கோல்' காலம் அது. அதன்பின் இறுதிக்கே வரவில்லை.

பெண்கள் தொடரில் இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது? (கடலூர் வாசகி)

வங்கதேசம். 2010 முதல் 2019 வரை ஐந்து தொடரையும் இந்தியா அள்ளியது. 2019 அணியில் உங்கள் ஊர் இந்துமதி கதிரேசனும் உண்டு. 2022-இலும் 2024-இலும் காத்மாண்டுவில் நேபாளம் அரையிறுதியில் இந்தியாவை வெளியேற்றியது, இறுதியில் வங்கதேசம் நேபாளத்தை வென்றது. முதலில் 3-1, பிறகு 2-1.

த்ரோ-இன் பந்தைத் தொட்டதற்காக ஒரு பயிற்சியாளருக்குச் சிவப்பு அட்டையா? (சேலம் வாசகர்)

2023-இல் பாகிஸ்தானோடு ஆடியபோது இந்தியப் பயிற்சியாளர் ஸ்டிமாச், எதிரணி வீரர் எறியப்போன பந்தைத் தட்டிவிட்டார். எதிரணி ஆட்டத்தைத் தொடங்கவிடாமல் பந்தைப் பிடித்துவைப்பது, தட்டிவிடுவது, ஆளை மறிப்பது எல்லாமே பயிற்சியாளருக்கு நேரடிச் சிவப்பு. வீரர் செய்தால் மஞ்சளோடு போகும்; பயிற்சியாளருக்கு அந்தச் சலுகை இல்லை. குவைத்தோடு ஆடிய ஆட்டத்தில் மறுபடி வெளியேற்றப்பட்டு, அரையிறுதி, இறுதி இரண்டிலும் அவரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லிதான் அணியை நடத்தினார்.