தமிழ்க் கோப்புகளில் சொல்லைத் தேடி மாற்றும் பைத்தான் நிரல் ஏன் தவறுகிறது, எப்படித் திருத்துவது?

கேள்வியின் சாரம் இது: ஓர் அடைவில் நூற்றுக்கணக்கான தமிழ் உரைக் கோப்புகள் உள்ளன, அவற்றில் ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றாக மாற்றப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதப்பட்டிருக்கிறது, ஆங்கிலக் கோப்புகளில் ஒழுங்காக ஓடிய அதே நிரல், தமிழில் சில கோப்புகளைத் திறக்கும்போதே பிழை காட்டி நிற்கிறது, சிலவற்றில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது, வேறு சிலவற்றில் தொடர்பே இல்லாத சொற்களைச் சிதைக்கிறது. பழைய நூல்களின் மின்பதிப்புகளைச் சீர்செய்யும் வேலையில் இம்மூன்றையும் நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு என்பதால் தனித்தனியே விளக்குகிறேன். நிரல் வரிகளை ஒட்டுவதைவிட, ஒவ்வொரு வரியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதே இங்கே அதிகம் பயன்படும் எனக் கருதுகிறேன்.

முதலில், திறக்கும்போதே வரும் பிழை. பைத்தானின் ஓப்பன் செயற்கூற்றுக்குக் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால், அது இயங்குதளத்தின் வழக்கமான குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. பல விண்டோஸ் கணினிகளில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்னும் குறியாக்கம். யுடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; புள்ளிக்குரிய பைட்டுகள் 224, 175, 141. இவற்றுள் 141 என்ற எண்ணுக்கு 1252 குறியாக்கத்தில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. உகரக் குறி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசி பைட்டுக்கும் இதே நிலைதான். புள்ளியே இல்லாத தமிழ்ப் பக்கம் ஏது? ஆகவே நிரல் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. பிழையை மறைப்பதற்காகப் பலர் 'பிழைகளைப் புறக்கணி' என்ற விருப்பத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான அறிவுரை இத்துறையில் இல்லை என்பேன். அப்படிச் செய்தால் புள்ளியின் கடைசி பைட்டு ஓசையின்றி உதிர்ந்துபோகும், எஞ்சிய இரண்டு பைட்டுகள் அரைகுறையாகக் கோப்பில் எழுதப்படும், அதன்பின் அந்தக் கோப்பை எந்தச் செயலியாலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. வாசிக்கும்போதும் எழுதும்போதும் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்வதே தீர்வு. பைத்தான் 3.15இலிருந்து அதுவே இயல்பாக அமைய வேண்டும் என்று முடிவாகியிருந்தாலும், பழைய பதிப்புகள் இன்னும் நெடுநாள் புழக்கத்தில் இருக்கும் என்பதால் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் சொல் நிரலுக்குத் தெரியாமல் போவது. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரத்தில் இரண்டு விதமாக எழுதலாம்: 3018 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நிரலுக்கோ இவை வெவ்வேறு சரங்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே இரட்டை வழி உண்டு. யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றை என்எஃப்சி வடிவம் கேட்டு அழைத்தால் எல்லாம் ஒற்றைக் குறிகளாகிவிடும். தேடும் சொல்லையும் கோப்பின் உரையையும் அவ்வாறே சீராக்கிய பிறகே தேட வேண்டும். பழைய தட்டச்சு மென்பொருள்கள் இடையிடையே நுழைத்துவிட்ட, அகலமே இல்லாத 8204 என்ற குறியையும் அப்போதே நீக்கிவிடலாம்.

ஆனால் என்எஃப்சி தீர்க்காத ஒன்று இருக்கிறது. 'கௌதமன்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெளதமன்' என்று தட்டச்சு செய்வது தமிழிணையம் முழுவதும் பரவியிருக்கிறது. யூனிகோடின் பார்வையில் இந்த ளகரம் உண்மையான ளகரமேயாகையால் எந்தச் சீராக்கமும் அதைத் தொடாது. கொம்பும் ளகரமும் வரும் இடங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரக் குறியாக மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளி' இரண்டும் உடைந்துபோகும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களில் மட்டும் மாற்றுவது என்ற விதி கட்டுரை நடைக்குப் பெரும்பாலும் போதும். சிறுகதைகளுக்கு அதுவும் போதாது. பேச்சுவழக்கில் வரும் 'வெளக்கு', 'வெளங்குது' போன்றவை அந்த விதியிலும் சிக்கும்.

இனி மூன்றாவதும் முக்கியமானதுமான சிக்கலுக்கு வருகிறேன். 'கல்' என்பதைப் 'பாறை' என்று மாற்றச் சொன்னால், சரங்களை அப்படியே மாற்றும் வெறும் ரீப்ளேஸ் 'கல்வி'யைப் 'பாறைவி' ஆக்கும், 'சிக்கல்' 'சிக்பாறை' ஆகும். இதைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலப் பயிற்சிக் கட்டுரைகள் சொல்லும் வழி, சுருங்குறித் தொடரில் (தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் சரத்தில்) சொல்லெல்லைக் குறியை இருபுறமும் இடுவது. இத்தொடர்களைக் கையாளும் பைத்தானின் ரீ தொகுதியில் தமிழுக்கு இது நேர்த் தலைகீழாக வேலை செய்கிறது. அந்தத் தொகுதி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கருதுகிறது. நம் புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் சார்குறிகள் என்ற வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் அவை சொல்லுக்கு வெளியே நிற்பவையாகிவிடுகின்றன. 'கல்' என்ற தனிச்சொல்லின் முடிவில் புள்ளி, அதன்பின் இடைவெளி. இரண்டும் சொல்லுறுப்பு அல்ல என்பதால் அவற்றுக்கிடையே எல்லையே இல்லை என்று நிரல் முடிவு செய்து அந்தச் சொல்லை விட்டுவிடுகிறது. 'கல்வி'யிலோ புள்ளிக்கு அடுத்து வகரம் வருவதால் அங்கே எல்லை இருப்பதாகக் கொண்டு மாற்றிவிடுகிறது. மாற்ற வேண்டியது தப்பிக்கிறது, மாறக் கூடாதது மாட்டிக்கொள்கிறது.

ஆகவே எல்லையை நாமே வரையறுக்க வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள் 2944 முதல் 3071 வரை அமைந்திருக்கின்றன. தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் அந்த வீச்சைச் சேர்ந்த எந்தக் குறியும் இருக்கக் கூடாது என்று முன்நோக்கு, பின்நோக்கு நிபந்தனைகளாக எழுதினால், 'கல்' தனியாக நிற்கும் இடங்கள் மட்டுமே சிக்கும். தனியாக நிறுவிக்கொள்ளக்கூடிய ரீஜெக்ஸ் என்ற தொகுதி சொல்லெல்லையை யூனிகோடின் விளக்கப்படி கணிப்பதால் அதையும் பயன்படுத்தலாம். பேர்ல் மொழி சார்குறிகளைச் சொல்லின் உறுப்பாகக் கொள்வதால் இந்த ஒரு விஷயத்தில் பைத்தானைவிட மேலானது. ஆயினும் நிரலும் யுடிஎஃப்-8, கோப்பும் யுடிஎஃப்-8 என்று அதற்கு இரண்டையும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

எல்லையைச் சரியாக வரையறுத்தாலும் தமிழில் வேலை முடிவதில்லை, ஏனென்றால் தனிச்சொல்லாக நிற்கும் இடங்களைவிட வேற்றுமை உருபு ஏற்று நிற்கும் இடங்களே அதிகம். 'கம்ப்யூட்டர்' என்பதைக் 'கணினி' என்று மாற்ற வேண்டும் என வைத்துக்கொள்வோம். 'கம்ப்யூட்டரை', 'கம்ப்யூட்டரில்' என்பவற்றில் இறுதிப் புள்ளி மறைந்து அந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுவதால், புள்ளியோடு தேடினால் இவை அகப்படா. எனவே புள்ளியை விட்டுவிட்டு 'கம்ப்யூட்டர' என்று ரகரத்தோடு நிறுத்தித் தேடி, அடுத்து வரும் ஒரு சார்குறியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ரீ தொகுதியில் மாற்றும் வேலையைச் செய்யும் சப் செயற்கூற்றுக்கு மாற்றுச் சொல்லாகச் சரத்தைத் தராமல் ஒரு செயற்கூற்றையே தரலாம் என்பது பைத்தானின் பெரிய வசதி. முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் விடுங்கள். பிடிபட்ட குறி புள்ளி என்றால் 'கணினி' என்று மட்டும் திருப்ப வேண்டும். 'கம்ப்யூட்டர்கள்' அப்போது 'கணினிகள்' ஆகும். உயிர்க்குறி என்றால் 'கணினி'யோடு யகரத்தைச் சேர்த்து அதன்மேல் அந்தக் குறியை ஏற்ற வேண்டும். 'கணினியை', 'கணினியில்', 'கணினியும்' எல்லாம் அவ்வாறே அமைந்துவிடும். நான்காம் வேற்றுமை மட்டும் விலக்கு: உகரக் குறிக்குப் பின் 'க்' வந்தால், அதாவது 'கம்ப்யூட்டருக்கு', 'கம்ப்யூட்டருக்கான' போன்றவற்றில், உகரக் குறியை விட்டுவிட்டுக் 'கணினி' என்றே திருப்பினால் 'கணினிக்கு', 'கணினிக்கான' என்று சரியாக வரும். எந்தக் குறியும் பின்தொடராத அரிய இடங்களை மாற்றாமல் ஒரு பட்டியலில் குறித்துவையுங்கள்.

ஒற்று மிகுவதை மட்டும் நான் நிரலிடம் ஒப்படைப்பதில்லை. 'கம்ப்யூட்டர் கடை' என்பது 'கணினிக் கடை' ஆக வேண்டும். 'கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது' என்பதோ 'கணினி கெட்டுவிட்டது' என்றே இருக்க வேண்டும். அடுத்த சொல் பெயரா வினையா என்று தெரியாத நிரல் இதில் ஊகிக்கத்தான் முடியும். மாற்றிய சொல்லுக்குப் பின் இடைவெளியும் க, ச, த, ப ஆகியவற்றுள் ஒன்றும் வரும் இடங்களை மட்டும் தனியே அச்சிட்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துவதுதான் விரைவான வழி.

பல சொற்களை ஒரே சமயம் மாற்ற வேண்டுமானால் ரீப்ளேஸை அடுக்கடுக்காக அழைக்க வேண்டாம். வடக்கைத் தெற்காகவும் தெற்கை வடக்காகவும் மாற்ற நினைத்து இரண்டு வரிகள் எழுதினால், முதல் வரி எல்லாவற்றையும் தெற்காக்கும், இரண்டாவது வரி அவை அனைத்தையும் வடக்காக்கும். சொற்களைப் பைத்தானின் டிக்ட் என்ற அகராதி அமைப்பில் இட்டு, அவற்றையெல்லாம் ஒரே சுருங்குறித் தொடராக இணைத்து, ஒரே தடவையில் மாற்றுங்கள். இணைக்கும்போது நீளமான சொல் முதலில் வருமாறு அடுக்குவது கட்டாயம்; பைத்தான் இடமிருந்து வலமாக முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுமே தவிர, நீளமானதைத் தேடுவதில்லை. இன்னொரு பொறியும் உண்டு: 'திருச்சி'யைத் 'திருச்சிராப்பள்ளி' ஆக்கும் நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் 'திருச்சிராப்பள்ளிராப்பள்ளி' கிடைக்கும். பின்னால் 'ராப்பள்ளி' இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்.

எழுதும் பக்கத்தில் சொல்ல வேண்டியவை சில. கோப்பைத் திறக்கும்போது நியூலைன் அளவுருவுக்கு வெற்றுச் சரத்தைத் தந்தால், விண்டோஸ் வரிமுடிவுகள் உள்ள கோப்பு அப்படியே இருக்கும். தராவிட்டால் ஒரு சொல் மாறியதற்காக எல்லா வரிகளும் மாறியதாக ஒப்பீட்டுக் கருவி காட்டக்கூடும். உரையில் உண்மையில் மாற்றம் இருந்தால் மட்டுமே எழுதுங்கள். அப்போதும் மூலக் கோப்பின் மேல் நேரடியாக எழுதாமல், அதே அடைவில் தற்காலிகக் கோப்பாக எழுதி முடித்து, ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் மூலம் இடம் மாற்றுங்கள், ஏனெனில் நடுவில் நிரல் நின்றுபோனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ முழுமையாகவே மிஞ்சும். என்எஃப்சி சீராக்கத்தையும் சொல் மாற்றத்தையும், கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டில் வெவ்வேறு பதிவுகளாகச் சேமிப்பது நல்லது. இரண்டையும் கலந்துவிட்டால் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பின்னால் பிரித்தறிய முடியாது. முதல் ஓட்டத்தில் எதையும் எழுதாமல், டிஃப்லிப் தொகுதியைக் கொண்டு மாறப்போகும் வரிகளை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். 'கம்ப்யூட்டரைஸ்' போன்ற எதிர்பாராத வடிவங்கள் அங்கேதான் தலைகாட்டும்.

உங்கள் அடைவில் டாக்எக்ஸ் வகை வேர்ட் ஆவணங்களும் இருந்தால் அவற்றை இந்த நிரலுக்குள் விடாதீர்கள். அவை உரைக் கோப்புகள் அல்ல, ஜிப் செய்யப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளின் கட்டு; வடிவூட்டல் மாறும் இடங்களில் ஒரே சொல்கூட உள்ளே இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். அவற்றுக்குப் பைத்தான்-டாக்எக்ஸ் தொகுதியைக் கொண்டு பத்தி பத்தியாக உரையைச் சேர்த்துப் பார்க்கும் வேறொரு நிரல்தான் எழுத வேண்டும்.