கட்டம் போட்டு முடிவெடுக்கலாம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கோவில் கமிட்டிகளிலிருந்து. சுங்கை சிப்புட் பக்கம் கூட்டம் போடும் காலம் போலிருக்கிறது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: மேட்ரிக்ஸ் என்பது யோசனைகளை ஒரு பக்கமும், அவற்றை ஒப்பிடும் அளவுகோல்களை (செலவு, பயன் போல) இன்னொரு பக்கமும் எழுதிப் புள்ளி போடும் கட்டம். எந்த அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்று கொடுக்கும் எண்தான் ‘எடை’. புள்ளியை எடையால் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் வரும்.

கே: மேட்ரிக்ஸில் அளவுகோல் எத்தனை இருக்கலாம்? நாங்கள் 14 எழுதியிருக்கிறோம்.

ப: ஐந்தாறு போதும். உங்கள் பட்டியலில் ‘செலவு’, ‘பட்ஜெட்’, ‘காசு திரட்டும் சிரமம்’ மூன்றும் ஒன்றுதான். ஒரே விஷயத்தை மூன்று தடவை எண்ணினால் மலிவான யோசனைதான் ஜெயிக்கும்.

கே: படம் இணைத்துள்ளேன். என் கட்டம் சரியா?

ப: வெறும் எண்களை அனுப்பிவிட்டு ‘சரியா’ என்று கேட்டால் எப்படி? எது யோசனை, எது அளவுகோல் என்று எழுத வேண்டாமா? தலைப்பு உள்ள ஒரே நிரல் ‘செலவு’. அதிலும் 30,000 வெள்ளிக்கு 5 புள்ளி, 4,000 வெள்ளிக்கு 1. தலைகீழாக இருக்கிறது. குறைந்த செலவுக்குத்தான் 5. திருத்தி அனுப்புங்கள்.

கே: கோவிலுக்குக் கூரையா, தோரணவாயிலா என்று புள்ளி போட்டோம். கூரை 49, வாயில் 31. இப்போது தலைவர் எடையை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

ப: கூடாது. பல வருடமாக இதைத்தான் சொல்லி வருகிறேன்: எடையை முதலில் எழுதுங்கள், யோசனைகளை அப்புறம் எழுதுங்கள்.

நீங்கள் கொடுத்த எடை: பாதுகாப்பு 5, பயன் 4, செலவு 3, தோற்றம் 1. பாதுகாப்பை 2 ஆக்கி, தோற்றத்தை 5 ஆக்கினால் கூரை 42, வாயில் 48. கூரையும் அதேதான், ஒழுகலும் அதேதான். ஒருவருடைய ஆசை மட்டும் கணக்குக்குள் புகுந்துவிட்டது.

இங்கே ஒரு தோட்ட மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். மணிலா அட்டையில் எடைக் கட்டத்தை அழித்து அழித்து எழுதி, அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. வாயில் எழும்பியது. அடுத்த திருவிழா அன்னதானத்தில் மழைத் தண்ணீர் வாழையிலையில் சொட்டியது. ஒரு பாட்டி சோற்றைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். இன்றும் எனக்கு ஆறவில்லை.

சந்தேகம் நியாயமானது என்றால் வழி இருக்கிறது. ஒவ்வொரு எடையையும் ஒரு புள்ளி ஏற்றி இறக்கிப் பாருங்கள். உங்கள் கணக்கில் எதைத் தொட்டாலும் கூரைதான் முன்னால் நிற்கிறது. இதைத் தலைவரிடம் காட்டுங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று புள்ளிதான் என்றால் மட்டும் திரும்ப உட்கார்ந்து பேசலாம்.

கே: அவசரமா, முக்கியமா என்று வேலைகளை நான்கு பெட்டியாகப் பிரிக்கும் ஐசனோவர் கட்டத்தில் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்க வேலை எல்லாமே ‘அவசரம், முக்கியம்’ பெட்டியில் விழுகிறது.

ப: அப்படியானால் நீங்கள் பிரிக்கவே இல்லை. 1954-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பேசியது அவசரம், முக்கியம் என்ற இரண்டு வகைப் பிரச்சினைகளைப் பற்றித்தான்; நான்கு பெட்டி பின்னால் வந்தவர்கள் போட்டது. அந்த முதல் பெட்டிக்கு மூன்று வேலைதான் என்று வரம்பு வையுங்கள்.

கே: நாசி லெமாக் ஸ்டால், தையல், கேட்டரிங் மூன்றில் எது என்று மனைவியும் நானும் ஒப்பிடுகிறோம். 3 புள்ளியா 4 புள்ளியா என்றே சண்டை.

ப: எண்ணை விடுங்கள். ஸ்டூவர்ட் பியூ என்ற பிரிட்டிஷ் பொறியியல் பேராசிரியர் காட்டிய முறை உங்களுக்குப் பொருந்தும். இப்போது கையில் இருக்கும் வேலையை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு அளவுகோலிலும் அதைவிட மேலா, கீழா, அதே அளவா என்று மட்டும் குறியுங்கள்: பிளஸ், மைனஸ், சமம். கூட்டிப் பார்த்ததோடு எழுந்துவிடாதீர்கள். ஸ்டாலுக்கு விடியற்காலை எழுவதில் மைனஸ் என்றால், மாலை ஸ்டாலாக மாற்றி இன்னொரு சுற்று போட்டுப் பாருங்கள்.