ஷென்டன் வேயில் சனிக்கிழமை மாலை: நகர மையமும் கடை வாடகையும், கேள்வி பதில்

வணக்கம். சிங்கப்பூரில் இருபத்தேழு ஆண்டுகள் கடை இடங்களை வாடகைக்கு விடும் வேலை பார்த்தவள் நான். முதலில் சிராங்கூன் சாலைக் கடைவீடுகள், அப்புறம் ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் பக்கம் அலுவலகக் கட்டடங்களின் தரைத்தளங்கள். ஞாயிறு இரவு வரை கேளுங்கள். கடை, வாடகை, ஆள் நடமாட்டம் தெரியும். வீட்டு விலை தெரியாது.

பொங்கோலிலிருந்து: அக்கா, பாதி வாரம் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். ராபின்சன் ரோடு வெள்ளிக்கிழமை மதியமே வெறிச்சென்று கிடக்கிறது. நகர மையத்தின் காலம் முடிந்ததா?

முடியவில்லை தம்பி. ஆனால் இந்த வெறிச்சோடும் நோய் கொவிட்டுக்கு முன்பே வந்துவிட்டது.

ராஃபிள்ஸ் பிளேஸ் ஒரு காலத்தில் கடைவீதி. ராபின்சன்ஸ், ஜான் லிட்டில் என்ற இரண்டு பெரிய பல்பொருள் கடைகளும் அங்கேதான் இருந்தன. பக்கத்தில் சேஞ்ச் அலி சந்து, அதில் வரிசையாக நம் தமிழ் முஸ்லிம் நாணய மாற்று வணிகர்கள். 1972 நவம்பரில் ராபின்சன்ஸ் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். கடை ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போய்விட்டது. சேஞ்ச் அலி 1989-ல் மூடப்பட்டது. கடைகள் போன இடத்தில் வங்கிகள் உயர்ந்தன. அலுவலகம் மட்டுமே உள்ள தெருவுக்கு மாலை ஆறு மணிக்குமேல் யார் வருவார்கள்?

ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அலுவலகக் கட்டடத்தின் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு உண்மையான வியாபாரம் மதியம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள், மொத்தம் பத்து மணி நேரம். திங்களும் வெள்ளியும் ஆட்கள் வராவிட்டால் அது ஆறாகிவிடும். நாற்பது விழுக்காடு போச்சு. வாடகை மட்டும் 168 மணி நேரத்துக்கும் ஓடுகிறது.

இதைத் திட்டமிடுபவர்களும் அறிவார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் 2019-லேயே ஓர் ஊக்குவிப்புத் திட்டம் கொண்டுவந்தது. ஆன்சன் ரோடு, செசில் ஸ்திரீட், ஷென்டன் வே, ராபின்சன் ரோடு, தஞ்சோங் பகார் பகுதிகளில், குறைந்தது இருபது ஆண்டு பழைய அலுவலகக் கட்டடத்தை வீடு, ஹோட்டல் கலந்த கட்டடமாக மாற்றினால், கட்டக்கூடிய பரப்பளவை 25 முதல் 30 விழுக்காடு வரை கூட்டித் தருவார்கள். ஷென்டன் வேயில் ஏஎக்ஸ்ஏ டவர் இடிக்கப்பட்டு, 63 மாடி ஸ்கைவாட்டர்ஸ் எழுவது இந்த வழியில்தான்.

தஞ்சோங் பகாரில் இரவு பத்து மணிக்கும் ஆள் இருப்பதற்குக் காரணம் கேட்டால் நான் முதலில் காட்டுவது பினக்கிள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளை. ஏழு புளோக், ஐம்பது மாடி, 1,848 வீடுகள். குடியிருப்பவர் காய்கறி வாங்குவார், முடி வெட்டுவார், பிள்ளைக்கு மருந்து வாங்க ராத்திரி ஒன்பதுக்கு இறங்கி வருவார். அலுவலகத்துக்கு வருபவர் காப்பி மட்டுமே வாங்குவார்.

யீஷூனிலிருந்து: அக்கா, தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழே சின்ன இடம் கிடைத்திருக்கிறது. தோசைக் கடை போடலாம் என்று நானும் மனைவியும் யோசிக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இதை எல்லோரும் படியுங்கள். முகவர் உங்களை எப்போதும் செவ்வாய் அல்லது புதன் மதியம் பன்னிரண்டரைக்குத்தான் அழைத்துப் போவார். அப்போது வரிசை நிற்கும், கண் மயங்கும். நீங்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தனியாகப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எண்ணுங்கள். அதன்பிறகு கையெழுத்து.

இரண்டாவது, தோசைக்கல் வைத்தால் புகை வெளியே போகக் குழாய் வேண்டும், கழிவுநீரில் கொழுப்பை வடிகட்டும் தொட்டி வேண்டும். இவை முன்பே இல்லையென்றால் போடும் செலவு உங்கள் தலையில். காப்பிக் கடை இருந்த இடமெல்லாம் சமையலுக்கு ஆகாது.

மூன்றாவது, 2024 பிப்ரவரி 1 முதல் ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை ஒப்பந்தங்களுக்கு நியாயக் குத்தகை விதிகள் சட்டப்படி கட்டாயம். 'அடிப்படை வாடகை அல்லது விற்பனையில் பங்கு, எது அதிகமோ அது' என்று எழுதும் பழைய வழக்கத்துக்கு இனி பொதுவாக இடமில்லை. வாடகைக் கணக்கு ஒரே முறையில் இருக்க வேண்டும். காகிதத்தில் அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடாமல் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: சிங்கப்பூர் வங்கி ஒன்றில் வேலைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைக்குமா மேடம்?

மனிதவள அமைச்சின் இணையப் பக்கத்தைப் பாருங்கள். அது என் துறை இல்லை.

குவீன்ஸ்டவுனிலிருந்து: காலியான அலுவலகங்களை எதற்கு இடிக்க வேண்டும்? அப்படியே வீடாக மாற்றினால் செலவும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?

நல்ல கேள்வி. நானும் மாற்றவே விரும்புவேன். இருக்கும் கான்கிரீட்டை உடைப்பது பெரிய வீண்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் சிக்கல் தெரியும். அலுவலகத் தளம் அகலமானது. ஜன்னலிலிருந்து நடுப்பகுதிக்கு நாற்பது ஐம்பது அடி இருக்கும். அதை வீடாகப் பிரித்தால் உள்பக்க அறைக்கு வெளிச்சமே வராது. கழிவறைக் குழாய்கள் எல்லாம் மின்தூக்கியை ஒட்டி நடுவில் ஒரே இடத்தில் ஓடும். ஒரு மாடியில் பத்து வீடு என்றால் பத்துச் சமையலறை, பத்துக் குளியலறை. அத்தனைக்கும் தளத்தைத் துளைக்க வேண்டும். ஜன்னல்கள் திறக்காத வகை. போதாததற்கு, இடித்துக் கட்டினால் கூடுதல் பரப்பளவு கிடைக்கும் என்று விதியே சொல்லும்போது உரிமையாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஹோட்டலாகவோ, தங்கும் விடுதியாகவோ மாற்றுவது இதைவிட எளிது. அதை இன்னும் ஊக்குவிக்கலாம் என்பது என் கருத்து.

செங்காங்கிலிருந்து: தஞ்சோங் பகாரில் கொண்டோ வாங்கலாமா?

வீட்டு விலை தெரியாது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து: என் தாத்தா காலத்திலிருந்து லிட்டில் இந்தியாவில், தேக்காவில் கடை வைத்திருந்தோம், வாடகை தாங்காமல் விட்டோம். மாவு மில், மாலைக்கடை, நகை ஆசாரி எல்லாம் போய், எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி கைப்பேசிக் கடை, நினைவுப்பொருள் கடை. பழைய வாடகைக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன?

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

1947-ல் வந்த சட்டம் அது. அந்த ஆண்டு செப்டம்பர் 7-க்குள் கட்டிய கட்டடங்களின் வாடகையை உறைய வைத்தது, குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் கடினமாக்கியது. போருக்குப் பின் வீடில்லாமல் தவித்த மக்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் வாடகை உயராததால், நாளாக நாளாக உரிமையாளர் கூரை ஓடுகூட மாற்றவில்லை. 1969-ல் தனிச் சட்டம் போட்டு, 'கோல்டன் ஷூ' என்ற நிதி வட்டாரத்தில் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை முதலில் தளர்த்தினார்கள். வானுயர்ந்த கட்டடங்கள் வந்த கதை அங்கே தொடங்குகிறது. நம்மவர்கள் செட்டித் தெரு என்று அழைத்த மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள் (செட்டியார்கள் தங்கி வட்டித் தொழில் செய்த இடங்கள்) மறைந்ததும் அந்த மாற்றத்தில்தான். மற்ற இடங்களில் 1988 முதல் படிப்படியாக விலக்கி, 2001-ல் சட்டத்தையே நீக்கினார்கள்.

ஜாலான் புசார் கடைவீட்டு உரிமையாளர் ஒருவர் இடையில்: அக்கா சொல்வது உண்மை. என் அப்பாவுக்கு மாதம் சில வெள்ளிதான் வாடகை வந்தது. மழை பெய்தால் மாடியில் வாளி வைப்போம். இப்போதுதான் சரியான வாடகை வருகிறது. அதையும் குறை சொன்னால் எப்படி?

ரேஸ் கோர்ஸ் ரோடு மறுபடி: உங்களுக்குச் சரியான வாடகை, எங்களுக்குக் கடையே இல்லை.

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: வியாபாரம் செய்யத் தெரிந்தவன் நிற்பான். மற்றவன் போவான். இதில் அழுவதற்கு என்ன?

உட்லண்ட்ஸ் தம்பி, இதற்கு நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். 1998-ல் என் பொறுப்பில் ஒரு கடைவீடு இருந்தது. அதன் அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்), மாடிப்படிக்குக் கீழே, ஆறடி அகலத்தில் ஒரு மாலைக்கடை. விடிகாலை ஐந்தரைக்கு அந்த அம்மா வாழைநாரை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு மல்லிகையைக் கோக்க உட்காருவார். கோயிலுக்குப் போகிறவர்கள் பூ வாங்குவார்கள். பக்கத்துக் கடையில் கற்பூரம், எதிரே காப்பி. அந்த மூன்று கடைக்கும் ஒரே கூட்டம்தான், கூட்டத்தை இழுத்தது பூ.

உரிமையாளர் மாலைக்கடை இடத்தையும் கடைவீட்டின் உள்ளிடத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி வாடகைக்கு விடச் சொன்னார். காலி செய்யச் சொல்லும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அந்த அம்மா நன்றாக வியாபாரம் செய்தவர், ஒரு மாதம்கூட வாடகை தவறவில்லை. அதற்குப் பிறகு நான்கு ஆண்டில் மூன்று கடை வந்து போனது. நடுவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கூடக் கிடைத்த வாடகையைக் காலி மாதங்கள் தின்றன. கற்பூரக் கடைக்காரர் காலையில் திறப்பதையே நிறுத்திவிட்டார்.

ஜாலான் புசார் அண்ணே, அதனால்தான் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முழு இடத்தையும் அதிக வாடகைக்கு விடுங்கள், தப்பில்லை. ஓரத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும், கூட்டத்தை இழுக்கும் தொழிலுக்கு ஐந்தாண்டு, ஆறாண்டு என்று நீண்ட குத்தகைக்குக் கொடுங்கள். இரண்டாண்டுக் குத்தகையில் யாரும் மாவு மில் வாங்கிப் போட மாட்டார்கள்.

பொதுச் சொத்தாக இருந்தால் இது இன்னும் எளிது. தேக்கா நிலையம் 1982-ல் திறந்தது, இன்றும் மீனும் இறைச்சியும் புடவையும் பிரியாணியும் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்கின்றன. மார்க்கெட் ஸ்திரீட்டில் பழைய கோல்டன் ஷூ வாகன நிறுத்தத்தில் இருந்த உணவங்காடியை, அங்கே எழுந்த 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடத்தின் இரண்டாம், மூன்றாம் தளங்களில் திரும்ப வைத்தார்கள். மேலே அலுவலகமும் தங்கும் குடியிருப்பும், கீழே உணவங்காடி.

அதே உட்லண்ட்ஸ் தம்பி: சரி அக்கா. ஆனால் லிட்டில் இந்தியாவை உயர்த்த வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை முதலில் வேறு பக்கம் அனுப்ப வேண்டாமா?

வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் நிற்கிற தொழிலாளி ஒரு நாள் வந்து ஊருக்குப் பணம் அனுப்புகிறார், முடி வெட்டுகிறார், மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிடுகிறார், மகளுக்கு உடுப்பு வாங்குகிறார். பல கடைகளின் மாத வாடகை அந்த நான்கு ஞாயிறுகளில்தான் வருகிறது. ஷென்டன் வே உரிமையாளர்கள் வார இறுதியில் இப்படி ஒரு கூட்டத்துக்காக ஏங்குகிறார்கள், நீங்கள் அனுப்பிவிடச் சொல்கிறீர்கள். உட்கார இடம், கழிவறை, நிழல் கூடக் கொடுங்கள் என்று கேட்பதுதான் முறை. அவர்கள் நம் வாடிக்கையாளர்கள், நம் மக்கள்.

இந்த விவாதம் போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பீஷானிலிருந்து: ராஃபிள்ஸ் பிளேஸில் பிரியாணிக் கடை ஓடுமா?

மதியம் ஓடும். மாலைக்கும் சனி, ஞாயிறுக்கும் வீட்டு விநியோகமோ விருந்து ஆர்டரோ இல்லாமல் வாடகை கட்ட முடியாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்.

ஹவ்காங்கிலிருந்து: செசில் ஸ்திரீட்டில் தேநீர்க் கடை?

யீஷூன் தம்பிக்குச் சொன்ன பதிலை முழுதாகப் படியுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: அக்கா, ஷென்டன் வேயில் ஜூஸ் கடை?

சனிக்கிழமை மாலை, ஐந்து மணி.

பாசிர் ரிஸிலிருந்து: ஒளியூட்டு, இசை நிகழ்ச்சி, சாலையை மூடி விழா, இதெல்லாம் நகர மையத்துக்கு உயிர் கொடுக்காதா?

ஒரு நாள் விழா ஒரு நாள் வியாபாரம். தவறாமல் நடப்பதற்குத்தான் பலன் உண்டு. லாவ் பா சாட் உணவங்காடி பக்கத்தில் பூன் டாட் ஸ்திரீட்டைப் பாருங்கள். மாலையானால் வாகனங்களை நிறுத்தி, சாலையிலேயே மேசை போட்டு சாத்தே (குச்சியில் குத்திய இறைச்சி) சுடுகிறார்கள். பகலில் கார் போகும் அதே தார்ச்சாலை, இரவில் கடை. புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. எந்த இரவு போனாலும் இருக்கும் என்று தெரிவதால் மக்கள் நம்பி வருகிறார்கள்.

யீஷூனிலிருந்து மறுபடி: அக்கா, நேற்று மாலை ஐந்து மணிக்குப் போனோம். அரை மணி நேரத்தில் அறுபத்தொரு பேர் கடந்தார்கள். பெரும்பாலும் பக்கத்துக் குடியிருப்பில் இருந்து நாயோடும் பிள்ளைகளோடும் வந்தவர்கள். கட்டடத்தின் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது, உள்ளே போகவே முடியவில்லை. என்ன செய்வது?

அறுபத்தொன்று மோசமில்லை, அதுவும் குடும்பங்கள். உங்கள் பிரச்சினை அந்தக் கதவு. கட்டட நிர்வாகம் வார இறுதியில் திறக்குமா, குளிர்சாதனம் ஓடுமா, அதற்குத் தனிக் கட்டணமா, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். திறக்க மாட்டோம் என்றால், தெருப் பக்கம் தனி வாசல் வைத்த இடம் அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஐந்து நாள் வியாபாரத்துக்கு ஏற்ற வாடகையைப் பேசுங்கள். அவர்கள் இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு இடம் வரும். மனைவியும் கூட வந்து எண்ணினாரா? கடையில் நிற்கப் போவது அவர் என்றால் அடுத்த முறை காலை ஏழு மணிக்கும் இருவரும் ஒருமுறை போய்வாருங்கள். தோசைக்குக் காலைதான் முக்கியம்.