செம்மண்ணில் ஏன் வெளுக்கிறது நாற்று?

கேள்வி: சுண்ணாம்பு கலந்த செம்மண்ணில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டாத புழுதி நாற்றங்கால் போட்டேன். குருத்தெல்லாம் மஞ்சளாகி, சில இடங்களில் வெள்ளையாகவே போய்விட்டது. யூரியா போட்டும் தெளியவில்லை. இரும்புச் சத்துக் குறை என்கிறார்கள். செம்மண்ணிலேயே இரும்புக்குப் பஞ்சமா? பயிருக்கு அதைத் தேடி எடுக்கத் தெரியாதா?

பதில்: தழைச்சத்து குறைந்தால் முதலில் பழுப்பது அடியிலை. உங்களுக்கு வெளுத்திருப்பது குருத்து, அதனால் யூரியா உதவாது. மண்ணில் இரும்பு நிறையவே இருக்கிறது, ஆனால் துருவாக. காற்றோட்டமுள்ள சுண்ணாம்பு மண்ணில் அது லேசில் கரையாது; தண்ணீர் கட்டிச் சேறாக்கினால் காற்று குறைந்து கரையும் வடிவத்துக்கு மாறும்.

தேடி எடுக்கத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். இரும்பு குறைந்ததும் ஐஆர்ஓ2 என்ற புரதம் வேரில் பெருகும். மரபணுக்களை முடுக்கிவிடும் மேஸ்திரி இது, ஆனால் தனியாகச் செல் உட்கருவுக்குள் நுழையத் தெரியாது, பிஎச்எல்எச்156 என்ற இன்னொரு புரதம் கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு! உள்ளே போனதும், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் டிஆக்சிமுஜினீயிக் அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு, அதை வேருக்கு வெளியே விடும் மரபணு, இரும்பைக் கவ்விய அமிலத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும் மரபணு எல்லாம் வேலையில் இறங்கும். புல் இனப் பயிர்களின் வேர் இப்படி எதையோ கசியவிடுகிறது என்று 1976-இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி. சிக்கல் என்னவென்றால், பார்லி இந்த அமிலத்தைத் தாராளமாக விடும், நெல்லோ கஞ்சன். சேற்றில் கரைந்த இரும்பை ஐஆர்டி1 என்ற வேர்ப் புரதத்தின் வழியாக நேரடியாகவே உறிஞ்சிப் பழகிய பயிர் அல்லவா, புழுதியில் திணறுகிறது.

இதற்கெல்லாம் ஒரு பிரேக்கும் உண்டு, எச்ஆர்இசட் என்ற புரதம். அதைக் குறைத்துப் பார்த்த ஜப்பானியர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவின்படி பயிர் இரும்புப் பஞ்சத்தைத் தாங்கியது, அரிசியிலும் இரும்பு கூடியது. சரி, பிரேக்கைக் கழற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். இரும்பு மிகுந்த மண்ணில் அதே பயிர்தான் அளவுக்கு மீறி உறிஞ்சி அவதிப்படுகிறது.

இப்போதைக்கு நாற்றங்காலில் தண்ணீர் கட்டுங்கள். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் அதுவும் துருவாகிவிடும், இலையில் தெளியுங்கள், அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இலையிலிருந்து குருத்துக்கு இரும்பு எளிதில் நகராது என்பதால் ஒரு தடவையோடு நிறுத்த முடியாது, புதுக் குருத்தும் வெளுத்து வந்தால் மறுபடி தெளிக்க வேண்டியதுதான்.